48,814 கிலோ கித்தா: ஜிடிபியில் மெமரியைப் பச்சையாகப் பார்ப்பது எப்படி

போன மாதம் சித்தப்பா கடையில் அடித்த ஒரு சீட்டில் எடை 48,814 கிலோ என்று விழுந்தது. தராசில் ஏறியது என்னவோ 37 கிலோதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அவருடையது சின்னக் கடை, மோட்டாரின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் கித்தா, அதாவது ரப்பர், வாங்கி மொத்தமாகத் தள்ளிவிடுவார். கிலோவுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 95 காசு என்று பெருக்கி, மொத்தம் 144,001 வெள்ளி 30 காசு என்று கீழே அச்சாகியிருந்தது. "என்னடா, உன் கம்ப்யூட்டர் கணக்குப்படி கொடுக்கணும்னா வீட்ட விக்கணும் போலிருக்கே" என்றார். "கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அந்த நிரலை எழுதியவன் நான்தான், சி மொழி கற்றுக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது, ஆகவே திட்டுவதற்கு வேறு ஆளும் இல்லை.

இந்தப் பிழையை வைத்தே, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் மெமரியை நேரடியாகப் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மதிப்பைத் திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப்பைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த வழி, நானும் அப்படித்தான். ஆனால் பிரின்ட்எஃப் காட்டுவது அந்த மாறிக்கு நிரல் கொடுக்கும் அர்த்தத்தை. அடியில் கிடக்கும் பைட்டை அது காட்டாது. இந்தச் சீட்டு விஷயத்தில் அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

முதலில் ஒரு ஏற்பாடு. கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்ணில் 9க்கு மேல் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று போகும், அதையும் அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு ஹெக்ஸ் எண்ணுக்கு முன்னாலும் ஜிடிபி 0எக்ஸ் என்று ஒட்டிக் காட்டும், கண்ணை உறுத்தும் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

நிரலில் சீட்டுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (பல மாறிகளை ஒன்றாக அடுக்கிய கட்டு) இருக்கிறது, பெயர் ரெக். அதற்குள் முதலில் பாராங் என்று 16 பைட் கேர் (எழுத்து) வரிசை, பொருளின் பெயர் அதில் போகும். அடுத்து எடைக்கு கிலோ, அடுத்து விலையைக் காசில் வைக்க சென், இரண்டும் இன்ட் என்ற முழு எண் வகை, அதாவது ஆளுக்கு 4 பைட். மொத்தம் 24 பைட். எடையும் விலையும் முதலில் எழுதப்படும், அப்புறம் பொருளின் பெயரை ஸ்ட்ர்சிபிஒய் என்ற செயற்கூறு கொண்டு உள்ளே நகலெடுப்பேன். இத்தனை நாளும் பெயர் மலாயில் கெத்தா (ரப்பர்), சாவிட் (செம்பனை) என்றுதான் இருந்தது, ஒரு தொல்லையும் இல்லை. வருகிற கிழவிகளுக்கு ரூமி, அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்து, படிக்கத் தெரியவில்லை, தமிழில் போடு என்று சித்தப்பா சொன்னார். போட்டேன். பால் என்று போட்டபோது ஒழுங்காக இருந்தது. கித்தா என்று போட்டதும் 48 டன்.

சரி, வேலைக்கு வருவோம். லினக்ஸோ, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லோ இருந்தால் போதும். உபுண்டு வகையறா என்றால் ஏபிடி வழியாக ஜிடிபியை நிறுவிக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் க்னூ திட்டத்துக்காக எழுதிய கருவி இது, வயதாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம், இன்றும் இதுதான் கைக்கு முதலில் வருகிறது. நிரலைத் தொகுக்கும்போது இரண்டு கொடிகள் தேவை:

ஜிசிசி -ஜி -ஓ0 சீட்டு.சி -ஓ சீட்டு

முதல் கொடி மாறிகளின் பெயரையும் வரி எண்ணையும் உள்ளே வைக்கச் சொல்கிறது. இரண்டாவது, பெரிய ஓவும் பூஜ்யமும், மேம்படுத்தல் எதுவும் செய்யாதே என்கிறது. கடைசியில் தனியாக வரும் ஓ சின்ன ஓ, வெளியே வரும் கோப்பின் பெயருக்கு. பூஜ்யம் போடாமல் 2 போட்டுவிட்டு உள்ளே போனால், நீங்கள் கேட்கும் மாறி பாதி நேரம் 'மேம்படுத்தலில் காணாமல் போய்விட்டது' என்று பதில் வரும். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் முதல் அரைமணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் ஜிடிபி ./சீட்டு என்று திறந்து, ஸ்ட்ர்சிபிஒய் இருக்கும் வரிக்கு பிரேக் போட்டு, ரன் கொடுங்கள். அந்த வரி ஓடுவதற்கு முன்னால் நிற்கும். இப்போது நம் கட்டளை:

எக்ஸ்/24எக்ஸ்பி &ரெக்

முதல் எக்ஸ் கட்டளையின் பெயர். சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் மூன்று செய்தி ஒட்டிக்கொண்டு வருகிறது: எத்தனை, எந்த வடிவில், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு. 24 என்றால் இருபத்து நான்கு, எக்ஸ் என்றால் ஹெக்ஸ், பி என்றால் ஒரு பைட். எக்ஸ் இருக்கும் இடத்தில் டி போட்டால் குறியோடு பத்தடிமான எண், யூ போட்டால் குறியில்லாமல், டீ, அதாவது இருபதாம் ஆங்கில எழுத்து, போட்டால் இரும எண், சி போட்டால் எழுத்து, எஸ் போட்டால் சரம், ஐ போட்டால் இயந்திரக் கட்டளை. அளவுக்கு பி 1 பைட், எச் 2, டபிள்யூ 4, ஜி 8. விண்டோஸில் விண்டிபிஜி பழகியவர்கள் இங்கே இடறுவார்கள், அங்கே வேர்ட் என்றால் 2 பைட், ஜிடிபியில் 4.

கெத்தா என்று ரூமியில் கொடுத்து, நகலெடுக்கும் வரியைத் தாண்டியபின், அதாவது நெக்ஸ்ட் கொடுத்தபின் பார்த்தால் இப்படி இருக்கும் (ரெக்கை முதலில் பூஜ்யத்தால் நிரப்பியிருக்கிறேன், இல்லாவிட்டால் நடுவில் பழைய குப்பை கிடக்கும்):

47 65 74 61 68 00 00 00
00 00 00 00 00 00 00 00
25 00 00 00 27 01 00 00

இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் முகவரி வரும், அதை இங்கே விட்டிருக்கிறேன். 47 என்பது பெரிய ஜி, 65 சின்ன ஈ, 74 டீ, 61 ஏ, 68 எச். அடுத்த 00தான் சரம் முடிந்தது என்பதற்கான அடையாளம், அதன் பிறகு இருப்பதை யாரும் சீண்டுவதில்லை. மூன்றாம் வரியின் முதல் நான்கும் கிலோ, அடுத்த நான்கும் சென்.

இங்கே 25 என்றால் இருபத்தைந்து இல்லை, ஹெக்ஸில் 25 என்பது நம் 37. அடுத்த 27 01ஐப் பாருங்கள். விலை 295, அது ஹெக்ஸில் 127. ஆனால் 01 27 என்று இல்லாமல் தலைகீழாக 27 01 என்று கிடக்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகள் சின்னப் பகுதியை முன்னால் வைத்துப் பெரிய பகுதியைப் பின்னால் வைக்கும். இது குழப்பினால் நாம் தேதி எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 31-08-1957 என்று எழுதும்போது நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு கடைசியில், சின்னதிலிருந்து பெரிசுக்குப் போகிறோம். ஆனால் 31ஐ 13 என்று திருப்புவதில்லை. அதேதான் இங்கும், பைட்டுகளின் வரிசை திரும்பும், ஒரு பைட்டுக்குள் இருக்கும் இரண்டு இலக்கமும் திரும்பாது. கையால் திருப்பச் சோம்பலாக இருந்தால் எக்ஸ்/2டிடபிள்யூ &ரெக்.கிலோ என்று கேளுங்கள், 37, 295 என்று நேராகச் சொல்லிவிடும். ஆனால் பிழை தேடும்போது பைட் பைட்டாகப் பார்ப்பதுதான் என் வழக்கம். நான்கு நான்காகச் சேர்த்துப் பார்த்தால் எது எங்கே முட்டியது என்று தெரியாமல் போய்விடும்.

இப்போது அதே நிரலுக்குத் தமிழில் கித்தா கொடுத்துப் பார்ப்போம்:

ஈ0 ஏஈ 95 ஈ0 ஏஈ பிஎஃப் ஈ0 ஏஈ
ஏ4 ஈ0 ஏஎஃப் 8டி ஈ0 ஏஈ ஏ4 ஈ0
ஏஈ பிஈ 00 00 27 01 00 00

பார்த்த உடனே வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் வரியின் தொடக்கத்தில் 25 00 00 00 இருக்க வேண்டும். அங்கே ஏஈ பிஈ 00 00 உட்கார்ந்திருக்கிறது.

கதை இதுதான். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். நாம் கண்ணால் பார்க்கும் எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. கித்தா நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு க, இகரக் கொக்கி, த, புள்ளி, த, கால் என்று 6 குறி, ஆக 18 பைட், முடிவு 00 சேர்த்தால் 19. இடமோ 16. பால் என்பது ப, கால், ல, புள்ளி என்று 4 குறி, 12 பைட், 00 சேர்த்து 13, அதனால்தான் அது ஒழுங்காக வேலை செய்து என்னை ஏமாற்றியது. 5 குறி வரைக்கும் 15ம் 1ம் 16 என்று மயிரிழையில் அடங்கும், ஆறாவது குறி பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவராவது இருந்தது. சி மொழியில் அதுவும் கிடையாது.

ஆறாவது குறியான காலின் மூன்று பைட் ஈ0 ஏஈ பிஈ. ஈ0 பாராங்கின் கடைசி இடத்தில் விழுந்தது, ஏஈயும் பிஈயும் கிலோவின் முதல் இரண்டு இடத்தில், முடிவு 00 மூன்றாவது இடத்தில். திருப்பிப் படித்தால் 0000பிஈஏஈ. பத்தடிமானத்தில் 48,814. சித்தப்பா கையில் இருந்த சீட்டில் எடை என்று அச்சானது கித்தாவின் கால்.

இன்னொன்றையும் கவனியுங்கள், மூன்று பைட்டுக்கு ஒருமுறை ஈ0 ஏஈ, அல்லது ஈ0 ஏஎஃப் என்று வந்துகொண்டே இருக்கிறது அல்லவா? அது தமிழின் கைரேகை. எந்த மெமரியைக் கொட்டினாலும் இந்த வரிசை கண்ணில் பட்டால் அங்கே தமிழ் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். டெர்மினலின் மொழி அமைப்பு சரியில்லை என்றால் ஜிடிபி இதையே \340\256 என்று எண்மத்தில் காட்டும், பயப்பட வேண்டாம், 340 என்பதும் ஈ0தான், 256 என்பதும் ஏஈதான்.

சரத்தைப் பார்க்க இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒரே பதிலைச் சொல்லாத இடத்தில்தான் ருசி. எக்ஸ்/எஸ் ரெக்.பாராங் என்று கேட்டால் கித்தா என்று முழுசாக, அழகாகக் காட்டும். ஏனென்றால் அது 00 வரும்வரை நடந்துகொண்டே இருக்கும், எல்லையைத் தாண்டியதை அது கவலைப்படாது. பிரின்ட் ரெக்.பாராங் என்று கேட்டால் கித்த வரைக்கும் வந்து, கடைசியில் ஓர் அரைகுறை \340 தொங்கும், ஏனென்றால் பிரின்டுக்கு அந்த வரிசை 16 பைட் என்று தெரியும், அதோடு நின்றுவிடும். இரண்டையும் போட்டுப் பார்த்து வித்தியாசம் இருந்தால் உங்கள் சரம் வேலியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சீட்டில் பெயர் சரியாகத்தானே அச்சாகியிருக்கிறது, அப்படியென்றால் பெயரில் தப்பில்லை என்று நான் ஒரு மணி நேரம் எடைக் கணக்கையே நோண்டிக்கொண்டிருந்தேன். பிரின்ட்எஃப் 00 வரைக்கும் நடக்கிற ஜாதி, அதனால் வந்த வினை.

எக்ஸ் கட்டளையில் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. & குறியை விட்டுவிட்டு எக்ஸ்/4எக்ஸ்பி ரெக்.கிலோ என்று தட்டினால், ஜிடிபி அந்த மாறிக்குள் இருக்கும் எண்ணையே முகவரியாக எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போகும். எனக்கு பிஈஏஈ என்ற முகவரியில் மெமரியை அணுக முடியவில்லை என்று பதில் வந்தது. வழக்கமாக எரிச்சலூட்டும் பதில், ஆனால் அன்று அதுவே துப்பாகிவிட்டது, அந்த பிஈஏஈயை ஏற்கெனவே எங்கேயோ பார்த்தோமே என்று. வரிசைகளுக்கு & இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தனி எண்ணுக்கும் ஸ்ட்ரக்டுக்கும் கட்டாயம்.

சின்னச் சின்ன வசதிகள் சில. ஒருமுறை எக்ஸ் போட்டபின் வெறும் என்டர் தட்டினால் அடுத்த 24 பைட், மறுபடி தட்டினால் அதற்கடுத்தது என்று நடந்துகொண்டே போகலாம். எண்ணிக்கையை -24 என்று கொடுத்தால் பின்னோக்கிப் பார்க்கும். கடைசியாகப் பார்த்த முகவரி டாலர் குறியும் அடிக்கோடும் சேர்ந்த மாறியில் இருக்கும். லினக்ஸில் சாதாரணமாக நிரலை ஓட்டினால் முகவரிகள் ஒவ்வொரு தடவையும் மாறும், ஜிடிபிக்குள் ஓட்டும்போது அது அந்தக் குலுக்கலை அணைத்துவிடும், அதனால் காகிதத்தில் குறித்து வைத்த முகவரி அடுத்த ஓட்டத்திலும் செல்லும். ஆப்பிள் மடிக்கணினிக்காரர்களுக்கு எல்எல்டிபி, அதிலும் இதே எக்ஸ்/24எக்ஸ்பி வேலை செய்யும்.

யார் கெடுத்தது என்று தெரியாதபோது வாட்ச் ரெக்.கிலோ என்று காவல் போடுங்கள். அப்புறம் கன்டினியூ கொடுத்தால் அந்த 4 பைட்டை யார் மாற்றினாலும் நிரல் அந்த இடத்திலேயே நின்று, பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் காட்டும். பிடீ, அதாவது பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கம், என்று தட்டினால் எந்தெந்தச் செயற்கூறு வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல் வரும். என் விஷயத்தில் எடை எழுதும் வரியில் ஒருமுறை நின்றது, அது நியாயம். அடுத்து ஸ்ட்ர்சிபிஒய்க்குள் நின்றது. பெயரை நகலெடுக்கிறவனுக்கு எடையிடம் என்ன வேலை? இதை வன்பொருளே பார்த்துக்கொள்வதால் நிரல் மெதுவாகாது, ஆனால் இன்டெல் வகைச் சில்லுகளில் இதற்கு 4 இடம்தான், கண்ட இடத்திலெல்லாம் காவல் போட முடியாது.

மெமரிப் பிழைகளைத் தானாகப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் இருக்கிறதே, வால்கிரைண்ட் இருக்கிறதே, அவை பிடிக்காதா என்று கேட்பீர்கள். அவசியம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதைப் பிடிக்காது. வழிந்தது ஸ்ட்ரக்டுக்கு வெளியே போகவில்லை, ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத்தான் போயிருக்கிறது. அவற்றின் பார்வையில் முழு 24 பைட்டும் உங்கள் சொந்த நிலம். அடுக்கின் ஓரத்தில் காவலுக்கு வைக்கும் கேனரியும் அதே காரணத்தால் வாயைத் திறக்காது.

கொஞ்சம் விளையாட்டாகச் செம்பனை என்று கொடுத்துப் பார்த்தேன். 7 குறி, 21 பைட், 00 சேர்த்து 22. எடை −1,344,230,994 கிலோ என்று வந்தது. அதோடு விலையின் முதல் இரண்டு பைட்டும் 88 00 ஆகி, 2 வெள்ளி 95 காசு 1 வெள்ளி 36 காசாக இறங்கியிருந்தது. ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஏழாவது குறியான ஐகாரக் கொம்பு ஈ0 ஏஎஃப் 88 என்ற துப்பு மட்டும் தருகிறேன்.

திருத்துவதற்கு முன்னால், அவசரத்துக்கு செட் வார் ரெக்.கிலோ = 37 என்று ஜிடிபிக்குள்ளேயே மதிப்பை மாற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தேன், வரிசையில் நின்றவருக்குச் சரியான சீட்டு கிடைத்தது. நிரந்தரத் தீர்வுக்கு முதலில் ஸ்ட்ர்சிபிஒய்க்குப் பதிலாக எஸ்என்பிரின்ட்எஃப் போட்டேன். அது 16ஐத் தாண்டாது, 15 பைட்டோடு வெட்டி 00 வைத்துவிடும். எடை தப்பியது, ஆனால் காலை வெட்டிவிட்டதால் சீட்டில் கித்த என்று வந்தது. ஸ்ட்ரென்சிபிஒய் இன்னும் மோசம், இடம் நிரம்பினால் முடிவு 00ஐயே வைக்காது. கடைசியில் பாராங்கை 64 பைட்டாக்கி, எஸ்என்பிரின்ட்எஃப்பையும் விட்டுவைத்து, நீளம் மிஞ்சினால் சத்தம் போடும்படி ஒரு வரி சேர்த்தேன். ஒகர உயிர்மெய் உள்ள சொற்களில் இன்னொரு விஷமம் இருக்கிறது: கொ என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம், க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், மெமரியில் 6 பைட்டும் 9 பைட்டும். கீபோர்டைப் பொறுத்து மாறும், அதனால் எழுத்தை எண்ணி இடம் ஒதுக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மூடாமல் பார்க்க வேண்டுமென்றால் ஜிடிபிக்கு -பி (பதினாறாம் ஆங்கில எழுத்து) போட்டு அதன் செயல்முறை எண்ணைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம், பார்க்கும் நேரம் மட்டும் நிரல் நின்றிருக்கும், உபுண்டுவில் பெரும்பாலும் சூடோ கேட்கும். ஜிகோர் என்று தட்டினால் முழு மெமரியையும் ஒரு கோப்பாக இறக்கிவிடும், வீட்டுக்குக் கொண்டுபோய் ஆற அமரப் பார்க்கலாம். அந்தக் கோப்பில் வாடிக்கையாளரின் ஐசி (அடையாள அட்டை) எண், கடவுச்சொல் என்று நிரல் தொட்ட எல்லாமே அப்படியே கிடக்கும். உதவி கேட்கிறேன் என்று அதை வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேவையான பத்து வரியை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

நேற்று சித்தப்பா அழைத்து, ஒட்டுப்பாலையும் தனிப் பொருளாகச் சேர்க்கச் சொன்னார். 11 குறி, 33 பைட், 64க்குள் தாராளமாக அடங்கும். இருந்தாலும் எக்ஸ்/72எக்ஸ்பி போட்டு ஒன்பதாவது வரியில் 25 00 00 00 27 01 00 00 அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிய கோப்பை அவருக்கு அனுப்பினேன்.